எறிந்தவர் எடை

ஆலடிக்குறிச்சி நகராட்சியின் ஒன்பதாவது வார்டில், வேதநாயகி நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில், ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குச் செண்பகவல்லி பால் கவரின் மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கினாள். நறுக்கிய துண்டு, கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத அந்த முக்கோணத் துண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. விழுந்த வேகத்தில் தொட்டியைப் பிளந்து, தொட்டியைத் தாங்கிய கடப்பைக் கல்லைப் பிளந்து, தரையில் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைந்து, அங்கே அமைதியாகக் கிடந்தது.

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவளுடைய கணவர் அறம்வளர்த்தநாதன், ஓய்வுபெற்ற துணை தாசில்தார், குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

“என்னட்டி சத்தம்?”

“பால் கவர் மூலை விழுந்துட்டு.”

“பாத்து வெட்டக் கூடாதா?”

“நான் பாத்துதான் வெட்டுனேன். அது பாக்காம விழுந்துட்டு.”

அதே காலையில் ஏழாம் நம்பர் வீட்டில் ஒரு தயிர் டப்பா, தான் கிடந்த குப்பைக் கூடையோடு மாடிப்படியில் உருண்டு, பத்தொன்பது படிகளையும் உடைத்துவிட்டு வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டாம் நம்பரில், ஓட்டல் சாம்பாரை ஊற்றிக்கொண்டு நூல் முடிச்சை அவிழ்க்காமல் ஓரமாகக் கிழித்து எறிந்த பொட்டலக் கவர், விழுந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த பூனைக்கு நூலிழையில் தப்பிக்க இடம் கொடுத்தது. யாருக்கும் பெரிய காயமில்லை என்பதால் பிற்பகலுக்குள் அது பேச்சாக மட்டும் ஆனது.

ஏழரை மணிக்கு முப்பிடாதியின் விசில் கேட்டது. ஒன்பதாவது வார்டின் தூய்மைப் பணியாளர் அவள். ஒப்பந்தத்தில் பதினோரு வருடம், வயது நாற்பத்து நான்கு, எடை நாற்பத்து மூன்று கிலோ. பதினோரு வருடமும் அந்தத் தெருவின் ஒவ்வொரு வாசலிலும் மக்குறது தனி, மக்காதது தனி என்று சொல்லிக்கொண்டே போனாள். பதினோரு வருடமும் தெரு தலையை ஆட்டிவிட்டு, கத்தரிக்காய்க் காம்பையும் மீன் செதிலையும் சவரப் பிளேடையும் குழந்தையின் நாப்கினையும் பால் கவரையும் ஒரே பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, காம்பவுண்டுச் சுவரின் ஆணியில் மாட்டியது. அந்தப் பைகளை ஊருக்கு வெளியே உரக்கிடங்கில் கவிழ்த்துக் கையால் பிரிப்பதும் அவள்தான். வலது உள்ளங்கையில் பிளேடு கிழித்த தழும்புகள் ஏழு. பிரித்துத் தீராததை யாராவது கொளுத்திவிடுவார்கள். கிடங்கை ஒட்டி நாற்பது வீடுகள் இருக்கின்றன. அதற்குக் கிடங்குத் தெரு என்றே பெயர். வருடத்தில் எட்டு மாதம் காற்று அந்தத் தெருவைப் பார்த்துத்தான் வீசும். முப்பிடாதியின் வீடு அங்கே மூன்றாவது.

அன்று அறம்வளர்த்தநாதன் வீட்டு ஆணியும் பையும் சேர்ந்து தரையில் கிடந்தன. அவள் குனிந்து இழுத்தாள். பை அசையவில்லை.

“சார், பை வரமாட்டேங்கு.”

“இழுத்துப் பாரு.”

“இழுத்தாச்சு. உள்ள என்ன வச்சிருக்கிய, ஆட்டுக்கல்லா?”

“எப்பவும் போடுறதுதான். நீ காலைல சாப்பிட்டியா இல்லியா?”

“நான் சாப்பிட்டுதான் வந்தேன் சார். ஒங்க பைதான் எனக்கு முன்னாலயே நல்லா சாப்பிட்டிருக்கு.”

அடுத்த வீட்டிலும் பை வரவில்லை, அதற்கடுத்த வீட்டிலும் வரவில்லை. முப்பத்தெட்டு வீடுகளில் முப்பத்தேழு வீட்டுப் பைகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கடைசி வீட்டில் அரசு ஆஸ்பத்திரி நர்சு கிருபை இருந்தாள். பால் கவரைக் கழுவித் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு ‘கவர் காயப்போடுத நர்சம்மா’ என்று பெயர். அவளுடைய சாக்கை முப்பிடாதி இரண்டு விரலால் தூக்கி வண்டியில் போட்டாள். வண்டியில் அன்று அது ஒன்றுதான் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் நெடுநேரம் கேட்கவில்லை. எப்படி அப்புறப்படுத்துவது என்பதே கேள்வியாக இருந்தது. லாரிப் பட்டறையிலிருந்து ஜாக்கி வாடகைக்கு வந்தது. கவரைக் கையில் பிடித்திருக்கும்வரை அது கவராகவே இருக்கிறது, விட்ட பிறகுதான் பாறையாகிறது என்பதை இரண்டாம் நாளே கண்டுகொண்டார்கள். அதனால் பலர் விடாமலே பிடித்துக்கொண்டு திரிந்தார்கள், எண்ணெய்க் கவரும் இட்லிமாவுக் கவரும் சுண்டுவிரலில் தொங்க அலுவலகத்துக்குப் போனார்கள், கல்யாண வீட்டில் அந்தக் கையாலேயே மொய் எழுதினார்கள். பன்னிரண்டாம் நம்பர்க்காரர் விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய், மீன் வாங்கிய கவரைக் கால்வாயில் எறிந்தார். அது மதகுப் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. கொளுத்திப் பார்த்தார்கள். புகை மேலே எழும்ப மறுத்து, கொளுத்தியவரின் வாசலிலேயே முழங்கால் உயரத்துக்குத் தேங்கி, ஆறு நாள் நாய்போலப் படுத்திருந்தது. சோதிடர் சனியின் பார்வை என்றார். எந்தப் பரிகாரத்துக்கும் அகல், எண்ணெய், எள் எல்லாம் பிளாஸ்டிக் கவரில்தான் வந்தன என்பதால் பரிகாரம் முடிந்த வீடுகளில் பாரம் கூடியது.

இரண்டாவது வாரம், இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் காலியான ஷாம்பு பாட்டில் ஒன்றை விற்றுத் தொலைக்கலாம் என்று மைதீன் பிச்சையின் காயலான் கடைக்குக் கொண்டுபோனார். மைதீன் பிச்சை இரும்பு நிறுக்க உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கும் பெரிய தராசின் தட்டில் பாட்டிலைப் போடச் சொன்னார். போட்டதும் தட்டு தரையில் மோதியது. எதிர்த்தட்டில் படிக்கல்லாக ஏற்றி ஏற்றி, கடைசியில் அறுபத்தொரு கிலோ நானூறு கிராமில் முள் நின்றது.

“பாய், அது என் எடையில்லா? நேத்துதான் டாக்டர் வீட்டுல பாத்தேன்.”

“அப்ப கல்ல எறக்கிட்டு நீரு ஏறும்வே, பாப்போம்.”

அவர் ஏறிக் குத்தவைத்தார். முள் இம்மியும் விலகவில்லை.

ஊருக்கு அந்தக் காட்சி புதிதல்ல. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வெல்லத்துக்கு எதிரே பிள்ளையை உட்காரவைத்துத் துலாபாரம் கொடுக்கும் ஊர் அது. ஆகவே மறுநாளிலிருந்து மைதீன் பிச்சையின் கடையில் மிக்சர் பாக்கெட்டுக்கு எதிரே ஆட்கள் உட்கார்ந்தார்கள், ஊறுகாய் டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள், முள் ஒவ்வொரு முறையும் நடுவில் நின்றது. கழுவாமல் எறிந்த பிளாஸ்டிக், எறிந்தவரின் எடையை எடுத்துக்கொள்கிறது என்பது அமாவாசைக்குள் ஆலடிக்குறிச்சிக்குத் தெளிவாகிவிட்டது. தெரிந்ததும் ஊர் இளைக்கத் தொடங்கியது. மாடியில் நடந்தார்கள், சோற்றைக் குறைத்தார்கள், அறுபது கிலோ என்று சொல்லிவந்தவர்களின் பிஸ்கட் கவர் எழுபத்து நான்கு காட்டியதால் இரண்டு நாத்தனார்களுக்கு இடையே பேச்சு நின்றது. நான்கு மாதக் குழந்தையின் கையில் கவரைக் கொடுத்துப் போடச் செய்தால் ஆறு கிலோவோடு போய்விடும் என்று ஒருவர் கணக்குப் போட, கைக்குழந்தை இருந்த வீடுகளில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் கைக்குழந்தைக்குப் பிடிக்கத் தெரியும், விடத் தெரியாது. வற்புறுத்திப் பிடுங்கியவர்களின் எடைக்கே கவர் மாறியது.

இவ்வளவும் நடக்கையில் முப்பிடாதி ஒவ்வொரு வாசலிலும் நின்று, நர்சு கிருபை செய்வதைச் சொன்னாள். பால் கவரின் மூலையை முழுக்க நறுக்காதீர்கள், ஒட்டிக்கொண்டே இருக்கட்டும், தனியே போன துண்டை எந்த மெஷினும் பிடிக்காது. கவரைப் பிளந்து விரித்து, அரிசி களைந்த தண்ணீரில் அலசுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம். முடிச்சை அவிழுங்கள், முடிச்சுக்குள்தான் சாம்பார் இருக்கும். காயப்போடுங்கள், ஈரத்தோடு கட்டினால் புழுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். மூன்று சாக்கு வையுங்கள்: மெல்லிய கவருக்கு ஒன்று, பாட்டில் டப்பாவுக்கு ஒன்று, உள்ளே வெள்ளியாக மின்னுகிற மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒன்று, முதல் இரண்டையும் மைதீன் பிச்சை எடுத்துக்கொள்வார், மூன்றாவது யாருக்கும் ஆகாது, சிமெண்ட் சூளைக்குப் போகும், அதை வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. இதையே மற்ற முப்பத்தேழு வீட்டிலும் முப்பத்தேழு முறை சொன்னாள். செய்துபார்த்த நான்கு வீடுகளில் கவர்கள் கவர்களாகவே காற்றில் ஆடின.

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். முப்பிடாதியையும் வரச் சொன்னார்கள். நாற்காலி போடவில்லை, அவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

“வீட்டு வரி கட்டுதோம், குப்பை வரி கட்டுதோம்,” என்றார் அறம்வளர்த்தநாதன். “முப்பத்தஞ்சு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பாத்தவன் நான். குப்பையக் கழுவுறதுக்கா பென்ஷன் வாங்குதேன்?”

“தட்டக் கழுவுதியல்லா சார்?”

“அது சாப்பிடுற தட்டு.”

“இதுவும் நீங்க சாப்பிட்டதுதானே?”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். குப்பையைக் கழுவுவது குடியிருப்போரின் கௌரவத்துக்கு உகந்ததல்ல என்றும், உள்ளது உள்ளபடி அள்ளுவதே பணியாளரின் கடமை என்றும் தீர்மானம் நிறைவேறியது.

“எழுதிக்கிட்டியளா?” என்றாள் முப்பிடாதி. “அப்படியே கீழ ஒரு வரி சேத்துக்கோங்க. கழுவாதத முப்பிடாதி தொடமாட்டா. ஒங்க கனத்தப் பதினோரு வருசம் தூக்கிட்டேன். அப்ப அது தராசுல தெரியல, என் முதுகுல தெரிஞ்சுது. இப்பத்தான் ஒங்களுக்கும் தெரியுது. வச்சுக்கோங்க.”

மறுநாளிலிருந்து விசில் கேட்டது, வண்டி வந்தது, ஐந்து வீடுகளில் நின்றது, போனது.

வேதநாயகி நகர் வேறு வழி கண்டுபிடித்தது. அந்தத் தெருவின் பெரும்பாலான வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் வருகிற பெண்கள் கிடங்குத் தெருக்காரர்கள், எல்லோரும் ஒல்லி. செண்பகவல்லி தன் வீட்டில் வேலை செய்யும் சுடலைவடிவிடம், போகும்போது இந்தக் கவரைத் தெருமுக்கில் போட்டுவிட்டுப் போ என்று சொன்னாள், சுடலைவடிவு போட்டாள், கவர் நாற்பத்தொரு கிலோவோடு மண்ணில் அழுந்தியது. இரண்டு ஆட்கள் சேர்ந்தால் நகர்த்திவிடலாம். செய்தி சுவர் தாண்டிப் பரவ, ஒரு வாரத்தில் அத்தனை வீடுகளும் அதையே செய்தன. வேலை போய்விடுமே என்று பெண்கள் மறுக்கவில்லை. முப்பிடாதியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒருத்தியும் அவளிடம் சொல்லவில்லை. தெருமுக்கில் குவியல் எழுந்தது, தார் சாலை தாழ்ந்தது. ஒரே தெருவில் இவ்வளவா என்று பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, தின்ற மிக்சர் பாக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு, நிலம் அதிர்வதைக் கேட்டு ஓடிப்போனார்கள்.

சங்கம் மனு கொடுத்தது, நகராட்சி முடிவெடுத்தது. உரக்கிடங்குக்குப் பின்னால், கல் எடுத்து விட்டுப்போன கல்வெட்டாங்குழி ஒன்று உண்டு. அறுபது அடி ஆழம், எவ்வளவு கனமும் தாங்கும், அங்கே கொட்டி மூடிவிடலாம் என்றது முடிவு. அந்தக் குழியில் நிற்கும் மழைத்தண்ணீரில்தான் கிடங்குத் தெரு குளித்தது, துவைத்தது. அதன் ஊற்றை நம்பித்தான் தெருவின் ஒரே அடிபம்பு இருந்தது. கோப்பில் அது ‘பயன்பாடற்ற பள்ளம்’ என்று இருந்தது.

சூப்பர்வைசர் ஞானதுரை ஒரு தாளோடு முப்பிடாதியிடம் வந்தார்.

“தெருவுக்கு ஆட்சேபணை இல்லன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும். வெள்ளிக்கிழமை கிரேன் லாரி வருது.”

“குழிய மூடிட்டா பம்புல என்ன, பாலா வரும்?”

“எனக்குத் தெரியாமலா சொல்லுதேன்? எனக்கு மேல ஆளு இருக்கு முப்பிடாதி. நீ போடலன்னா உன் பேர அடிச்சிருவாவ. பதினோரு வருஷம் போயிரும்.”

“எங்க போவுது? முதுகுலதானே இருக்கு.” அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “லாரி வரட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்தபோது, கிடங்குத் தெருவின் நுழைவில் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே உத்தரம் கட்டி, மைதீன் பிச்சையின் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. முப்பிடாதிதான் கேட்டு வாங்கி வந்திருந்தாள். தராசின் கீழே நாற்பது வீட்டாரும் நின்றார்கள். லாரியிலிருந்து ஞானதுரையும், பின்னால் வந்த காரிலிருந்து அறம்வளர்த்தநாதனும் சங்கத்தார் சிலரும் இறங்கினார்கள்.

“இது என்ன, கொடையா?” என்றார் அறம்வளர்த்தநாதன்.

“ஆமா சார், துலாபாரம். லாரியில உள்ளதுல ஒண்ணு எடுத்து ஒரு தட்டுல வைங்க. எங்க தெரு ஆள் யாரு ஏறுனாலும் முள்ளு நடுவுல நிக்காது. எங்க தெருவுக்குப் பால் கவர் ஏது, நாங்க டீக்கடையில குடிக்கோம். எங்க கனம் இல்லாதது எங்க குழியில விழக் கூடாது.”

“நின்னுட்டா?”

“நின்னுட்டா கொட்டிக்கோங்க. நான் குறுக்க நிக்கல.”

சூழ்ந்திருந்த பெண்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். தெரிந்துதான் வந்திருந்தார். லாரியின் மேலிருந்து தன் வீட்டுத் தயிர்க் கவர் ஒன்றை அடையாளம் காட்டி, இரண்டு ஆட்களை விட்டு இறக்கி, தட்டில் வைக்கச் சொன்னார்; பிறகு கூட்டத்தைப் பார்த்து, “சுடலைவடிவு, ஏறு,” என்றார்.

சுடலைவடிவு அசையவில்லை.

“ஏறு மைனி, என்ன பயம்?” என்றாள் முப்பிடாதி.

சுடலைவடிவு அவளைப் பார்த்தாள். பிறகு போய் எதிர்த்தட்டில் குத்தவைத்தாள். அவள் தட்டு மெல்ல இறங்கியது, தயிர்க் கவர் மெல்ல எழுந்தது, இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. முள் நடுவில் இருந்தது.

தராசு பொய் சொல்லவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், சிக்கலே அதுதான். முப்பிடாதி, “மைனி,” என்று மட்டும் கேட்டாள்.

“போடச் சொன்னாவ, போட்டேன்,” என்றாள் சுடலைவடிவு. “எல்லாரும்தான் போட்டோம். உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துது.”

“பாத்தியா முப்பிடாதி,” என்றார் அறம்வளர்த்தநாதன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையில்லாதபோது உயர்த்தாத பழக்கம் அலுவலகத்திலேயே வந்தது. “தராசு நீ கொண்டாந்தது. ஆளு உன் தெரு. பேச்சும் உன் பேச்சு. டிரைவர், பின்னால எடுங்க.”

லாரி உறுமியது. முப்பிடாதி ஒதுங்கி நின்றாள். குறுக்கே நிற்பதில்லை என்று சொல்லியிருந்தாள். நாற்பது வீட்டின் தண்ணீர் அவளுடைய வாயால் போகப்போகிறது என்று நாற்பது வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டிலிருந்து சுடலைவடிவு இறங்கவில்லை. அந்தரத்தில் குத்தவைத்தபடியே கேட்டாள்.

“சார், அப்ப இந்தக் கவரு என்னுதா?”

“முள்ளப் பாத்துக்கோ.”

“முள்ளு கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

“உன்னுதுதான்.”

“லாரியில கெடக்கது?”

“உங்க ஆளுகளுதுதான். எறிஞ்சவங்களுது. அதானே கணக்கு?”

“ஞானதுரை அண்ணாச்சி, கேட்டுக்கிட்டியளா? டிரைவர் தம்பி, நீயும் கேட்டியா?” அவள் தட்டிலிருந்து குதித்தாள், எதிர்த்தட்டு தரையில் இடித்துப் புழுதி எழுந்தது. “என்னுதுன்னா என் பொருள எங்க வைக்கணும்னு நான்தானே சொல்லணும்? நான் குழியில போடச் சொல்லலியே. ஏ முத்துலெச்சுமி, நீ சொன்னியா?”

“நான் ஏன் சொல்லுதேன்?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“எங்க சாமான எங்களக் கேக்காம எங்க குழியில கொட்ட நீங்க யாரு சார்? டிரைவர் தம்பி, எறக்குல லாரிய. என் கவர நான் எடுத்த எடத்துல வைக்கப்போறேன்.”

“எடுத்த இடம்னா?”

“ஒங்க அடுக்களை.”

அவள் தயிர்க் கவரின் ஒரு நுனியைப் பிடித்தாள். நாற்பத்தொரு கிலோ; இரண்டு பேர் வேண்டும். மறு நுனியைப் பிடிக்க ஒரு கை வந்தது. மூன்று வாரமாகக் கழுவாத எதையும் தொடாதிருந்த கை, உள்ளங்கையில் ஏழு தழும்போடு.

“ஒருக்கா மட்டும்,” என்றாள் முப்பிடாதி. “அதுவும் திருப்பிக் கொடுக்கத்தான்.”

ஆலடிக்குறிச்சி பல ஊர்வலங்களைப் பார்த்திருக்கிறது. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கிடங்குத் தெருவின் பெண்கள் இரண்டிரண்டு பேராக, மூங்கில் கம்பில் சேலைத் தூளி கட்டி, தூளிக்குள் ஒரு மிக்சர் பாக்கெட்டையோ ஒரு மாவுக் கவரையோ வைத்துத் தோளில் சுமந்து, கடைத்தெரு வழியாக, பஸ் நிறுத்தம் வழியாக, மூச்சு வாங்கி, வியர்த்து, சிரித்து, திட்டி, ஒரு நடை போய் மறு நடைக்குத் திரும்பி, வெள்ளியும் சனியும் ஞாயிறும் நடந்தார்கள். எந்தக் கவர் எந்த வீட்டுடையது என்று எந்தப் பதிவேடும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அள்ளிப் போட்ட கைகளுக்கு எல்லாம் ஞாபகமிருந்தது. “இது ஏழாம் நம்பர், மாப்பிள்ளை வந்தப்ப ஈரல் வாங்குன கவரு.” “இது பன்னெண்டு, சாரு வீட்டம்மாவுக்குத் தெரியாம வாங்கித் தின்ன அல்வா.” பன்னிரண்டாம் நம்பர் வீட்டம்மாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. பின்கட்டுக் கதவுகளின் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்பதும் அந்தக் கைகளுக்குத் தெரியும். அடுக்களையில் எடுத்ததை அடுக்களையில் வைத்தார்கள், டீவிக்கு முன்னால் எடுத்ததை டீவிக்கு முன்னால் வைத்தார்கள், சோபாவில் கிடந்து எடுத்ததைச் சோபாவிலேயே வைத்தார்கள், சோபா உட்கார்ந்துவிட்டது. வைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே செய்தியைச் சொன்னார்கள்: தட்டுத் தேய்க்கோம், தரை தொடைக்கோம்; எறியமாட்டோம். ஒங்க எச்சிய ஒங்க கையால எறிங்க.

வேதநாயகி நகர்க்காரர்கள் போலீசுக்குப் போனார்கள். காணாமல் போன பொருளுக்குப் புகார் எழுதுவோம், திரும்ப வந்த பொருளுக்கு எந்தப் பிரிவு என்று தெரியவில்லை என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

அறம்வளர்த்தநாதன் பணிகிறவர் அல்லர். தயிர்க் கவரைக் காலால் நெட்டி, செண்பகவல்லியையும் தள்ளச் சொல்லி, வாசல்வரை கொண்டுவந்து, நிலைப்படிக்கு வெளியே தானே உந்திவிட்டார். உந்திய கணத்தில் அது அவருடைய எறிதல் ஆயிற்று. நாற்பத்தொன்றாக இருந்தது, அவருடைய எடையான எண்பத்திரண்டாகி நிலைப்படியிலேயே உட்கார்ந்தது. கதவைப் பாதிக்கு மேல் சாத்த முடியவில்லை. ஒன்பது நாள் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. பகலில் ஆடுகளும் இரவில் கொசுக்களும் சங்கத் தலைவரின் வீட்டுக்குள் போய்வந்தன. சாரல் காலம் வேறு, தூவானம் முன்னறைவரை வந்தது.

அந்த ஒன்பது நாளும் விசில் கேட்கவில்லை. முப்பிடாதியின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அவளுக்குப் பதிலாக வந்தவர் முதல் வீட்டில் ஒரு பையை இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, ஊருக்கு பஸ் ஏறினார். கிடங்குத் தெருவில் முப்பிடாதி அடிபம்பில் தண்ணீர் அடித்தாள், சுடலைவடிவின் வீட்டில் சோறு தின்றாள், நர்சு கிருபை அனுப்பிய பணத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பினாள்.

பத்தாம் நாள் செண்பகவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வாளிக் கழுநீரோடு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

“என்னட்டி செய்யுதே?”

“கதவச் சாத்தப்போறேன்.”

“சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கு.”

“தீர்மானத்தக் கொண்டாங்க, அதையும் சேத்துக் கழுவுதேன்.” அவள் கத்தரியை அவர் பக்கம் நீட்டினாள். “கிழிச்சு விடுங்க. தூக்க முடியாதுல்லா, கெடக்கபடியே விரியுங்க.”

தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு அவர் குனிந்தார். கவரைப் பிளந்தார்; காய்ந்துபோன தயிர் செதிலாக உரிந்தது; இரண்டு முறை அலசி, துணியால் ஒற்றி, விசிறியால் விசிறினார்கள். கடைசி ஈரம் போனதும், எண்பத்திரண்டு கிலோவும் எங்கே போனது என்று தெரியாமல், கவர் விசிறிக் காற்றில் எழும்பி அவருடைய தோளில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

அந்த வாரத்தில் வேதநாயகி நகரின் துணிக்கொடிகளில் துணிக்கு இடம் போதவில்லை. தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை, பேசாமல் விட்டுவிட்டார்கள். கல்வெட்டாங்குழிக் கோப்பு மேசையின் அடிக்குப் போனது. ஞானதுரை கிடங்குத் தெருவுக்கு மறுபடியும் ஒரு தாளோடு வந்தார்.

“உன் பேரச் சேத்துருதோம். சம்பிரதாயத்துக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி மட்டும் வேணுமாம்.”

“தாராளமா,” என்றாள் முப்பிடாதி. “யாரு எழுதித் தாராவ?”

ஞானதுரை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடிதம் இல்லாமலே பெயர் சேர்ந்தது.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு அறம்வளர்த்தநாதன் வாசலில் நின்றிருந்தார். கையில் பால் கவர்கள், விரித்து, நீவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அலுவலகக் கோப்புபோல. முப்பிடாதி வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றாக வாங்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துச் சாக்கில் போட்டாள். நான்காவதை நிறுத்தினாள். நுனியை அழுத்தினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அவளுடைய விரலில் இறங்கியது.

“இது காயல சார்.” அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“சாரல் அடிக்குல்லா முப்பிடாதி. எப்படிக் காயும்?”

“அது ஒங்களுக்கும் மேகத்துக்கும் உள்ளது.”

“ஒண்ணுதானே? எடுத்துட்டுப் போயேன்.”

அவள் வண்டியைத் தள்ளத் தொடங்கியிருந்தாள்.

“நாளைக்கு வருவியா?” என்று பின்னாலிருந்து கேட்டார்.

“காஞ்சிருந்தா வருவேன்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வாசலுக்குப் போனாள்.